இருபத்திரண்டாம் தேதி மழை

அத்தியாயம் 6

"அந்தக் கடிதத்தோட முதல் பக்கம் எங்கக்கா?"

மாதவி மூன்றாவது முறையாகக் கேட்டாள். அந்தோனியம்மாள் மூன்றாவது முறையாகப் பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தாள். அடையாளக் கார்டு நகல், மருத்துவமனை அட்டை, ஒரு கத்தைத் தண்ணீர் பில், மடங்கிப்போன மாதா படம். முதல் பக்கம் இல்லை.

"முதல் பக்கம் இல்லாத கடிதம், நம்பர் பிளேட் இல்லாத காடி மாதிரி," என்றான் பேட்ரிக். "ரோட்டுல இறக்கினா நம்மளத்தான் புடிப்பாங்க."

"பேட்ரிக், நீ வாயை மூடிக்கிட்டு மணி என்னன்னு மட்டும் சொல்லு."

"பத்தே முக்கால்க்கா. வாயை மூடிக்கிட்டுச் சொல்ல முடியல, மன்னிச்சிடுங்க."

சிரம்பானின் தெமியாங் பகுதியில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஒரு மேசை, நான்கு நாற்காலி, கடகடக்கும் மின்விசிறி. மாதவி ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பதினொரு வருடம் வேலை செய்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியேறியவள். இப்போது துப்பறிகிறாள். பேட்ரிக் அவளுடைய உதவியாளன். லிங்கி ஊர்க்காரன், முப்பத்தாறு வயது, இரண்டு வியாபாரம் செய்து இரண்டையும் மூடியவன். சம்பளம் கொடுக்காத மாதங்களிலும் அவன் பேச்சு மட்டும் நிற்பதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தோனியம்மாள் மெர்பாவ் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள். ஐம்பத்து நான்கு வயது. அவள் கணவன் மார்கஸ் லாரி ஓட்டியவன். பிப்ரவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனை தயார். இன்சூரன்ஸ் கம்பெனி 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனி சொன்னது வேறு. 'போன வருடம் அக்டோபர் 22-ஆம் தேதி நீங்களே கையெழுத்துப் போட்டு மருத்துவக் காப்பீட்டு அட்டையை ரத்து செய்துவிட்டு, சேமிப்புப் பாலிசிக்கு மாறிவிட்டீர்கள்.'

"நான் எந்தக் கருமத்துலயும் கையெழுத்துப் போடல," என்றாள் அந்தோனியம்மாள். "மாசாமாசம் பேங்குல பிடிக்கிற காசு அப்படியேதான் போயிட்டு இருந்துச்சு. பாலிசி மாறினது யாருக்குத் தெரியும்? மார்ச் மாசம் கம்பெனிக்கே எழுதிப் போட்டேன். இதுதான் எங்க இறுதி முடிவுன்னு மே இருபதாம் தேதி கடிதம் அனுப்பிட்டாங்க."

மாதவி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நவம்பர் 20, வியாழக்கிழமை.

"கம்பெனி கைவிரிச்சதுக்கு அப்புறம் போறதுக்கு ஓர் இடம் இருக்கு, பேட்ரிக். நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவை. பேங்க், இன்சூரன்ஸ் மேல இருக்கிற தகராறைக் கேட்டு முடிவு சொல்றவங்க. ஆனா கம்பெனியோட இறுதிக் கடிதம் வந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும். அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கணும்."

பேட்ரிக் விரல் விட்டு எண்ணினான். ஆறாவது விரலில் நின்றான். "அக்கா. இன்னிக்கு."

"இன்னிக்குத்தான்."

"நான்தான் ஜூன் மாசமே புகார் கொடுத்துட்டேனே!" என்றாள் அந்தோனியம்மாள். "தோட்டத்துக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. அம்பாங்கான்ல விசுவநாதன் சார். கடிதத்தை வாங்கிக்கிட்டு ரசீதுகூடக் கொடுத்தாரு. நகல் எதுவும் எடுத்து வச்சிருந்தேனான்னுதான் பையில தேடறேன்."

மாதவி அந்த ரசீதை வெளிச்சத்தில் பிடித்தாள். 'பயனீட்டாளர் நிதிப் புகார் மையம். 7 ஜூன். பதிவுக் கட்டணம் 180 வெள்ளி.'

"காலையில ஒம்பட்ஸ்மேனுக்குப் போன் பண்ணேன்க்கா. உங்க பேருல அங்க ஒரு கேஸும் இல்ல. அதோட, அங்க புகார் கொடுக்க ஒரு சென்கூடக் கட்ட வேண்டாம். கட்டணம் கேட்டாலே அது வேற கடை."

அந்தோனியம்மாள் ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கவிழ்த்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். மாதா படம் கை தவறிக் கீழே விழுந்தது. பேட்ரிக் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

விசுவநாதனின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. 'மையம் மூன்று மணிக்குத் திறக்கும்' என்று ஒரு பதிவுக்குரல். கம்பெனியிடம் கடித நகல் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கடிதம் வந்த அன்று அந்தோனியம்மாள் அதைப் படமெடுத்து, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் நட்டாலிக்கு அனுப்பியிருந்தாள். இரண்டாம் பக்கத்தை மட்டும். முதல் பக்கத்தில் முகவரிதானே இருக்கிறது, அது எதற்கு என்று விட்டுவிட்டாளாம்.

மாதவி அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தமிழில் வாசித்தாள்.

"'எங்கள் முகவர் செல்லம்மை அளித்த விளக்கத்தின்படி, அக்டோபர் 22 அன்று தோட்டத்தில் 31 மில்லிமீட்டர் மழை பதிவாகியுள்ளது. மழையால் பால்வெட்டு இல்லாததால் தாங்கள் வீட்டில் இருந்தீர்கள். காலை ஒன்பதரை மணிக்குத் தங்கள் வீட்டில் பாலிசி மாற்றும் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்திட்டீர்கள்.' இந்தச் செல்லம்மை யாருக்கா?"

"யாரு கண்டா? எனக்குப் பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு செத்து நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறம் யாரு பேருல மாத்தினாங்களோ. அந்தப் பொம்பளை மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல."

"கடிதத்துல இருக்கிற அந்த அம்மா நம்பருக்குக் காலையிலயே நாலு தடவை அடிச்சேன்," என்றான் பேட்ரிக். "நம்பர் உபயோகத்துல இல்லையாம். அம்மாவும் உபயோகத்துல இல்ல போல."

மாதவி எழுந்து கைப்பையை மாட்டினாள். "பேட்ரிக், நேத்து சிரம்பான்ல எத்தனை மில்லிமீட்டர் மழை?"

"எனக்கு எப்படித் தெரியும்? சட்டை நனைஞ்சுச்சு. அவ்வளவுதான் கணக்கு."

"அதேதான். டவுன்ல இருக்கிற ஏஜெண்டுக்கு 31 மில்லிமீட்டர் எப்படித் தெரியும்? மழையை அளந்து எழுதி வைக்கிற இடம் தோட்டத்து ஆபீஸ் மட்டும்தான். அங்க இருக்கிற யாரோ இந்த நம்பரைக் கொடுத்திருக்காங்க. காடிய எடு. மூணு மணிக்குள்ள திரும்பி வரணும்."

காரில் அந்தோனியம்மாளின் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் மார்கஸ்.

"கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க எந்திரிச்சு நடக்காதீங்க."

"தண்ணி குடிக்கப் போனேன்."

"சொல்லிக்கிட்டே இருக்கேன், கேக்கறீங்களா?"

தொலைபேசியின் அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. பேட்ரிக் ரேடியோவை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"ஆபீஸ்ல யார் பொறுப்பு?" என்று கேட்டாள் மாதவி.

"கணக்கு எழுதற கிராணி, திருநாவுக்கரசு." அந்தோனியம்மாளின் முகம் கடுத்தது. "அந்த ஆளுக்கும் எனக்கும் ஆகாது. பால் நிறுக்கறதுல குறைக்கிறாருன்னு யூனியன் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். ரெண்டு வருஷமா என்கிட்ட நேராப் பேசறதில்ல. லயத்து வீடுகளுக்கு வர்ற கடிதமெல்லாம் அவர் கைக்குத்தான் முதல்ல போவுது."

"அக்கா," என்று மெதுவாகச் சொன்னான் பேட்ரிக். "கடிதம் அவர் கையில. மழை அவர் கையில. பகையும் இருக்கு. நான் இங்கயே காடிய நிறுத்திக் கேஸை முடிச்சிடவா?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மெர்பாவ் தோட்டத்தில் பாதிக்கு மேல் செம்பனையாகிவிட்டது. ஆற்றோரம் இருந்த மேட்டில் மட்டும் பால்மரங்கள் நின்றன. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பால் கொட்டகையில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. வாளிகளோடு வரிசையில் நின்றவர்கள், காரிலிருந்து இறங்கிய அந்தோனியம்மாளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

"என்னா அந்தோனி, இன்னிக்கு மரத்துக்கெல்லாம் லீவா?"

"மரத்துக்கு லீவு, எனக்குத்தான் ஓவர்டைம்," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள் அவள்.

திருநாவுக்கரசு ஐம்பது வயது, ஒல்லி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. நிறுவை முடியும்வரை அவர்களைக் காக்க வைத்தார். பிறகு அந்தோனியம்மாளைப் பார்க்காமல் மாதவியிடம் மட்டும் பேசினார்.

"என்னா வேணும்?"

"போன வருஷம் அக்டோபர் மாச மழைப் புத்தகம்."

ஏன் என்று கேட்காமல் எடுத்துவந்து விரித்தார். நேர்த்தியான கையெழுத்து. 20, 21, 22. இருபத்திரண்டுக்கு நேரே எழுதியிருந்தது: 31.

பேட்ரிக் பெருமூச்சு விட்டான். "போச்சு லா. மழைதான் பெஞ்சிருக்கு."

"பெய்யல!" அந்தோனியம்மாள் கத்தினாள். "அன்னைக்கு நான் வெட்டப் போனேன். எனக்கு ஞாபகம் இருக்கு. மறுநாள் பக்கத்து வீட்டுப் பாத்திமா மகளுக்குக் கல்யாணம், லீவு சொல்லிட்டு வந்தேன். கிராணி ஐயா, பொய்யா எழுதி வச்சிருக்கீங்களா?"

"என் புத்தகத்துல பொய் கிடையாது," என்றார் அவர். முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

மாதவி இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள். "ஐயா, இந்த மழையை எப்படி அளக்கறீங்க? காட்டுங்களேன்."

கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. இருபத்தேழு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி போலிருந்தது. ஆபீசுக்கு முன்னால், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு தூணின் மேல் செம்புப் புனல் இருந்தது.

"இதுக்குள்ள விழுற தண்ணியைத் தினமும் காலையில ஏழு மணிக்கு அளப்பேன். அன்னைய தேதியில எழுதுவேன்."

"ஏழு மணிக்கு அளந்தா, அது எப்ப பெஞ்ச மழை?"

"முந்தின நாள் காலை ஏழு மணியிலேருந்து பெஞ்ச மழை." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "இருபத்திரண்டாம் தேதி 31-ன்னா, அது இருபத்தொண்ணாம் தேதி சாயங்காலம் பெஞ்சது. பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரமே பறந்துச்சே. இருபத்திரண்டு காலையில மரம் காஞ்சு கிடந்துச்சு. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல எல்லாரும் நின்னாங்க."

"வேலை நடந்துச்சா?"

அவர் உள்ளே போய் நிறுவைப் புத்தகத்தோடு வந்தார். தேதியைத் தேடி விரலை வைத்தார். 'அக்டோபர் 22. அந்தோனியம்மாள். 29 கிலோ. மணி 11.50.'

"ஒன்பதரை மணிக்கு வீட்டுல இருந்தவங்க, பன்னிரண்டு மணிக்கு இருபத்தொன்பது கிலோ பாலோட இங்க வந்து நிக்க முடியுமா?" என்றாள் மாதவி.

"முடியாது. ஒன்பதரைக்கு மேட்டு மர நிரையில கத்தியோட நிப்பாங்க." கிராணி ஒரு வினாடி தயங்கினார். "நல்லா வெட்டுவாங்க. அது வேற விஷயம்."

அந்தோனியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பேட்ரிக் தலையைச் சொறிந்தான். "அப்ப இவர் இல்லக்கா. ஏழு மணிக்கு அளக்கிற மனுஷன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டாரு. புத்தகத்தைப் பார்த்துட்டு, அன்னைக்கு எழுதியிருக்கிறது அன்னைக்குப் பெஞ்ச மழைன்னு நினைச்ச ஒரு டவுன்காரன்தான்..."

"முதல் தடவையா இன்னிக்கு உனக்குச் சம்பளம் கொடுக்கலாம்னு தோணுது," என்ற மாதவி கிராணியிடம் திரும்பினாள். "ஐயா, இந்தப் பக்கத்தை யாருக்காவது காட்டினீங்களா?"

"காட்டினேன். புகார் மையத்துக்காரரு கேட்டாரு. அந்தோனியம்மா கேஸுக்கு உதவியா இருக்கும்னாரு. படமெடுத்து அனுப்பினேன்."

"நீங்களா? எனக்கு உதவியா?" என்றாள் அந்தோனியம்மாள்.

"சண்டை நிறுவையில. உங்க வீட்டுக்காரர் உசுரு அதுல சேராது," என்று முணுமுணுத்தார் கிராணி. தொலைபேசியை எடுத்து, நீண்ட நேரம் மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு செய்தியைக் காட்டினார்.

'வணக்கம் கிராணி சார். விசுவநாதன், புகார் மையம். அந்தோனியம்மாள் கேஸ் விஷயமாக அக்டோபர் 22 மழை விவரம் வேண்டும்.'

மேலே தேதி: ஏப்ரல் 2.

மாதவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள். "அக்கா, விசுவநாதனை நீங்க முதல்ல பார்த்தது எப்ப?"

"ரசீதுல இருக்கே. ஜூன் ஏழு. அதுக்கு முன்னாடி அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஏப்ரல்ல அவருக்கு உங்களைத் தெரியும். உங்க கேஸ் தெரியும். தேதிகூடத் தெரியும்."

அந்தோனியம்மாள் கிராணியின் தொலைபேசியை வாங்கித் தேதியைத் தானும் பார்த்தாள்.

"கம்பெனிக்குப் போன மழை விசுவநாதன் மூலமாத்தான் போயிருக்கு," என்றான் பேட்ரிக். "உதவின்னு சொல்லி வாங்கி, ஆண்ட்டி தலையிலயே போட்டிருக்கான். ஆனா எதுக்கு? ஏஜெண்டு செல்லம்மைக்கும் இவனுக்கும் என்னா?"

"அதைப் போய்க் கேப்போம். ஐயா, ரெண்டு புத்தகத்தோட பக்கத்தையும் அந்தச் செய்தியையும் எனக்கு அனுப்புங்க. ஏழு மணி விஷயத்தை நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

கிராணி நாலு வரி எழுதவில்லை. ஒரு பக்கம் எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

அம்பாங்கானில் அவர்கள் இறங்கியபோது மூன்றே கால். வரிசை வீடுகளில் மூலை வீடு. வாசலில் மையத்தின் பெயரும் விசுவநாதனின் பெயரும் எழுதிய பெரிய பலகை. உள்ளே நீள பெஞ்சில் ஓர் இளம்பெண் மட்டும் மடியில் காகிதத்தோடு காத்திருந்தாள். மேசைக்குப் பின்னால் விசுவநாதன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா, கனிவான முகம். அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி.

"வாங்கம்மா, வாங்க! நீங்க எதுக்கு அலையறீங்க? உங்க கேஸ் கோலாலம்பூர்ல ஓடிக்கிட்டு இருக்கு."

"என் கடிதம் எங்க சார்?"

"அதையும் அங்கதான் அனுப்பியிருக்கேன். ஒரிஜினல்தான் கேப்பாங்க."

"அங்க ஒரு கேஸும் இல்லைங்கிறாங்களே," என்றான் பேட்ரிக். "ஒருவேளை உங்க கோலாலம்பூர் வேற ஊரா?"

விசுவநாதனின் கண் சுருங்கியது. "இவங்கல்லாம் யாரு?"

"அக்கா வீட்டு ஆளுங்க மாதிரி," என்று மாதவி முந்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரலில் தேன். "கோவிச்சுக்காதீங்க சார். பதற்றத்துல பேசறான். தோட்டத்துக் கிராணியார்கூட உங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னாரு. மழை விவரம்லாம் கேட்டு வாங்கினீங்களாமே. அவ்வளவு அக்கறை யாருக்கு வரும்?"

அவர் முகம் மலர்ந்தது. "எடுத்த வேலையை அரைகுறையாச் செய்யறது எனக்குப் பிடிக்காதும்மா. இவங்க வந்து போன மறுவாரமே கேட்டு வாங்கிட்டேன்."

"ஜூன்ல?"

"ஜூன்லதான்."

பேட்ரிக், கிராணி அனுப்பிய செய்திப் படத்தைத் திறந்து, தொலைபேசியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் திருப்பினான். ஏப்ரல் 2.

விசுவநாதன் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து மறுபடி அதே இடத்தில் செருகினார்.

"தேதி... போன்ல சில சமயம் தப்பா வரும்."

"உங்க போன்லயும் கிராணியார் போன்லயுமா?" என்றாள் மாதவி.

அப்போது உள்கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் தட்டில் தேநீரோடு வந்தாள்.

பெஞ்சில் இருந்த இளம்பெண், "எனக்கு வேணாங்க, செல்லம்மை அக்கா," என்றாள்.

பேட்ரிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். மாதவி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உங்க பேரு செல்லம்மையா?"

"ஆமா. இவர் வீட்டுக்காரி." அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தட்டோடு நின்றாள்.

"இன்சூரன்ஸ் ஏஜெண்டு செல்லம்மை?"

"நீ உள்ள போ," என்றார் விசுவநாதன்.

மாதவி அவரைப் பார்க்கவேயில்லை. நட்டாலிக்குப் போன படத்தைத் திறந்து, செல்லம்மைக்கு வாசித்துக் காட்டினாள். அக்டோபர் 22. ஒன்பதரை மணி. தோட்டத்து வீடு. கையெழுத்து. முகவர் செல்லம்மையின் விளக்கம்.

"அன்னைக்கு இவங்களை அவங்க வீட்டுல பார்த்தீங்களா?"

செல்லம்மை அந்தோனியம்மாளை உற்றுப் பார்த்தாள். "இந்த அம்மாவை இப்பதான் பார்க்கிறேன். மெர்பாவ் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. பரீட்சை எழுதினது நான். லைசென்ஸ் வந்ததுக்கப்புறம் ஒரு பாரத்தையும் இவர் என் கண்ணுல காட்டினதில்ல."

"செல்லம்மை!"

"அதாவது இவர் பாலிசியை மாத்தினா உங்க பேருக்குக் கமிஷன்," என்றாள் மாதவி. "மாத்தினது தெரிஞ்சு ஜனங்க புகார் கொடுக்க வந்தா, அதுக்கும் இங்கேயே ஒரு கட்டணம். கடிதத்தை ஆறு மாசம் உள்ள பூட்டி வச்சா, கேஸும் செத்துடும். பாரத்துல இருக்கிறது உங்க பேரு. இவங்க புகாருக்குக் கம்பெனி ஏஜெண்டைக் கேட்டப்ப, மழையோட போன விளக்கமும் உங்க பேரு. நாளைக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குப் புகார் போகும்போதும் உங்க பேருதான் போகும். இவர் பேரு எங்கயும் இல்ல. ஒரே ஒரு இடத்துல இருக்கு. வாசல்ல தொங்குற பலகையில."

செல்லம்மை தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு கோப்பை சரிந்து விழுந்தது, யாரும் துடைக்கவில்லை. அவள் கணவனுடைய சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, மூன்று பேனாவுக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள். அவர் விட்டுவிட்டார்.

அலமாரி திறந்தது.

வரிசை வரிசையாகக் கோப்புறைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தேதி. பெயர் இல்லை, தோட்டம் இல்லை, தேதி மட்டும். மாதவி ஒன்றை உருவிக் கடிதத்தைப் பார்த்தாள். இன்னொன்றை உருவினாள்.

"ஆறு மாசம் முடியற தேதி வாரியா அடுக்கியிருக்காரு."

"அண்ணே, இவ்வளவு ஒழுங்கா நீங்க வேற எந்த வேலை செஞ்சிருந்தாலும் நல்லா இருந்திருப்பீங்க," என்றான் பேட்ரிக். அவன் விரல் தேதிகள்மேல் ஓடியது. நவம்பர் 17, 18, 20. உருவினான். இரண்டு பக்கம், ஓர் ஊக்கு. முதல் பக்கத்தின் மேல்முனையில் கம்பெனியின் குறிப்பு எண், மே 20 என்ற தேதி, அந்தோனியம்மாளின் பெயர்.

"இருக்கு லா!"

பெஞ்சில் இருந்த இளம்பெண் எழுந்து வந்தாள். "என்னோடதும் இருக்கா? ஷாமினி. ரந்தாவிலேருந்து. அம்மாவோட பாலிசி."

பேட்ரிக் தேடினான். கிடைத்ததை அவள் பக்கம் திருப்பினான். கோப்புறையின் முதுகில் நவம்பர் 14.

ஷாமினி அதைப் பார்த்தாள். "ஆறு நாளு... நான் போன வாரம்கூட இங்க வந்து உக்காந்திருந்தேனே."

"தேதி தாண்டினதுக்குக் காரணம் எழுதி அனுப்புவோம்," என்றாள் மாதவி. "ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா காரணம் இங்கேயே வெள்ளைச் சட்டை போட்டு நிக்குது, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. உக்காரும்மா. முதல்ல இவங்களோடது. அஞ்சு மணிக்குள்ள அனுப்பினாத்தான் போன் பண்ணி, வந்து சேர்ந்துச்சான்னு கேக்க முடியும்."

மாதவியின் மடிக்கணினி திறந்தது. பாரம், கடிதம், மழைப் புத்தகம், நிறுவைப் புத்தகம், கிராணியின் ஒரு பக்கம். விசுவநாதன் கார் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு நகர்ந்தார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"உங்க காரு என் கேட்டை மறைச்சுக்கிட்டு நிக்குது."

"ஆமாண்ணே. ரிவர்ஸ் கியர் போயி மூணு மாசமாச்சு. நீங்க ஒரு புகார் எழுதிக் கொடுங்க, பார்ப்போம்."

மணி நாலு பத்து. ஒப்புதல் பாரத்தை அந்தோனியம்மாள் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள் மாதவி. அவள் பேனாவை வாங்கவில்லை.

"இதுல என்னா எழுதியிருக்கு?"

"உங்க புகாரை விசாரிக்க நீங்க சம்மதிக்கறீங்கன்னு."

"ஒவ்வொரு வரியா சொல்லு."

மாதவியின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வாசித்தாள், வரி வரியாக, தமிழில். இரண்டு இடத்தில் அந்தோனியம்மாள் நிறுத்தி மறுபடி கேட்டாள். எல்லாம் முடிந்தபின் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

செல்லம்மை இன்னொரு தாளை நீட்டினாள். அவளும் எழுதியிருந்தாள்: அந்தத் தோட்டத்துக்குப் போனதே இல்லை, அந்தப் பாரத்தைப் பார்த்ததே இல்லை.

"அதை அனுப்பினா உன் லைசென்ஸ் போயிடும்," என்றார் விசுவநாதன்.

"போகட்டும். எனக்கு ஒரு பாலிசிகூட விக்கத் தெரியாதே."

நாலு முப்பத்தெட்டுக்கு எல்லாம் ஒம்பட்ஸ்மேனுக்கு மின்னஞ்சலில் போயிற்று. மாதவி உடனே தொலைபேசியில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஷாமினி நகத்தைக் கடித்தாள். பேட்ரிக் கடிகாரத்தை வெறித்தான். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. பெயரைக் கேட்டது. காத்திருக்கச் சொன்னது. பிறகு, இன்றைய தேதியில் புகார் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லி, ஓர் எண்ணைப் படித்தது.

அந்தோனியம்மாள் அதை உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.

"ஆப்பரேஷனுக்குச் சரின்னு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா. இனிமேதான் கேட்பாங்க. கம்பெனியையும் கேட்பாங்க. இனி பதில் சொல்லாம கம்பெனி ஒரு கடிதம் போட்டு முடிச்சிட முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். தொலைபேசியை எடுத்து மார்கஸை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்னாச்சு?"

"பேனா இருக்கா? கேஸ் நம்பரை எழுதிக்கோங்க."

"இரு, எந்திரிக்கிறேன்."

"எந்திரிக்க வேணாம்! மனசுல வச்சுக்கோங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க." உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தாள். "ரெண்டு."

"ரெண்டு," என்றான் மார்கஸ், மூச்சு வாங்கியபடி.

"அஞ்சு."

"அஞ்சு."

அவள் ஒவ்வொரு எண்ணுக்கும் காத்திருந்தாள். அவன் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள்.